நிவேதா வீட்டுக்கு இந்த மாதம் யார் முறை

1

இந்தக் கதை எனக்குள் தானாகத் தோன்றியதல்ல. என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் நடத்தும் பிரதாப் என்பவர் ஒருநாள் போன் செய்தார். "சார், புதுசா ஆள் எடுக்கறோம். வீடு வீடா போயி, கஷ்டத்துல இருக்கற குடும்பங்களைப் பாக்கற வேலை. பயிற்சி வகுப்புல படிச்சிட்டுப் பேசறதுக்கு ஒரு கதை வேணும். எங்க ஆளுங்களப் பத்தியே எழுதுங்க. கடைசில ஒரு படிப்பினை இருந்தா நல்லாருக்கும்" என்றார். படிப்பினைக்குப் பஞ்சமே இல்லாத நாட்டில் இவர் என்னிடம் வந்து கேட்கிறாரே என்று நினைத்தேன். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். பழவேற்காட்டு நண்டு நன்றாக இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

ஆகவே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தபடி இதைப் படிக்கும் புதிய பணியாளர்களே, கதை உங்களுக்குத்தான். வேறெங்கோ இருந்து படிப்பவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்ளலாம். யாரும் எழுப்பி விடமாட்டார்கள்.

2

முதல் தொடக்கம்:

"ஏரியின் மேல் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில்

நிறுத்திவிட்டேன். இந்த ஏரியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பூநாரையில்தான் ஆரம்பிக்கிறார்கள். பறவைகளுக்கே அலுத்துப் போயிருக்கும்.

இரண்டாவது தொடக்கம்:

"ஓய்வென்பதையே அறியாத ஜெசிந்தா, தன் குடும்பத்தையும் மறந்து

இது பிரதாப் எடுத்துக்கொடுத்த வாக்கியம். ஜெசிந்தாவிடமே படித்துக் காட்டினேன். "யாரு சார் இவ?" என்று கேட்டாள். "நா மத்தியானம் சோறு துன்னா செத்த நேரம் படுத்துக்குவேன். குடும்பத்த இன்னாத்துக்கு மறக்கணும்?"

மூன்றாவது: "ஜெசிந்தா படகுத்துறைக்கு வந்துவிட்டாள். ஆனால் படகில் ஏறவில்லை."

இது இருக்கட்டும். அவள் ஏன் ஏறவில்லை என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருக்கிறது. அதுவரை அவள் துறையில் நிற்பாள். (அவள் போகவேண்டியது பசியாவரத்துக்கு, ஏரிக்கு நடுவில் இருக்கும் தீவு ஊர். அப்போது பாலம் வேலை நடந்துகொண்டிருந்தது. படகுதான் வழி.)

3

ஜெசிந்தா பழவேற்காட்டிலேயே பிறந்து, அங்கேயே பிராங்க்ளின் என்பவருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். பிராங்க்ளினுக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு. பிரதாப்பிடம் வேலை செய்யும் மூன்று பெண்களில் ஜெசிந்தா ஒருத்தி. இன்னொருத்தி சத்யா, திருப்பாலைவனத்தில் நெல் பயிரிடும் குடும்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். மூன்றாமவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

வீட்டில் அடி வாங்கும் பெண், பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்ட பிள்ளை, படுத்த படுக்கையாகிவிட்ட கிழவர் என்று யாராவது இருந்தால் இவர்கள் அந்த வீட்டுக்குப் போவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதைக் கேட்பார்கள். ஆஸ்பத்திரிக்கோ தாலுகா ஆபீசுக்கோ துணைக்குப் போவார்கள். வேலையில் முக்கால்வாசி உட்கார்ந்து கேட்பதுதான். கேட்டதைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் இருப்பது மீதி. முதலாவதற்குப் பயிற்சி உண்டு. இரண்டாவதை அவரவர் அடிபட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவர்களுக்கு முன்னால் ஜெபசெல்வி என்று ஒருத்தி இருந்தாள். நன்றாக வேலை செய்வாள் என்பதால் கஷ்டமான வீடுகளெல்லாம் அவள் தலையிலேயே விழுந்தன. நன்றாகச் செய்கிறவர் மீது மேலும் நாலு மூட்டையை ஏற்றுவது எல்லா ஆபீசிலும் நடப்பதுதான். ஒருநாள் மதியம் அவள் பொன்னேரி பஸ்ஸில் ஏறினாள். அதன்பிறகு வேலைக்கு வரவில்லை. இப்போது ஒரு ஜவுளிக் கடையில் இருக்கிறாள். பிரதாப் போனில் கெஞ்சியபோது, "இங்க பொடவைய பிரிச்சிக் காட்டறேன் சார், மடிச்சி வெச்சிடறேன். அவ்ளோதான். வூட்டுக்குப் போனா தூக்கம் வருது" என்றாளாம்.

அதற்குப் பிறகுதான் ஜெசிந்தா ஒரு யோசனை சொன்னாள். ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒன்றுபோல் படாது. நல்ல இடத்தை ஒருவரே வளைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்று உனக்கு, நாளைக்கு அவனுக்கு என்று முறை வைத்து வலை போடுவார்கள். இதற்குப் பாடு என்று பெயர். "நம்மளும் அப்டி வெச்சிக்கலாம் சார். கஷ்டமான வூடுங்கள மாசத்துக்கு ஒரு வாட்டி சீட்டுக் குலுக்கி மாத்திக்கலாம். ஒருத்தி மேலயே எல்லாம் வுழாது. எங்க நைனா காலத்துலேந்து இது ஓடிக்கினுதான கீது?"

ஓடியது. எவர்சில்வர் டம்ளரில் சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். யாரும் வேலையை விட்டுப் போகவில்லை. மூன்று பெண்களுக்கும் தூக்கம் வந்தது. பிரதாப் இதை வெளியூர்க் கூட்டங்களில் போய்ச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். படிப்பினை வேண்டுமென்றால் கதையை நான் இங்கேயே முடித்திருக்கலாம்.

4

பசியாவரத்தில் நிவேதா என்று ஒரு பெண். அஜித்குமாரின் மனைவி. குழந்தை பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பிறந்ததிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை, குழந்தையைத் தானாகத் தூக்கவும் இல்லை. மாமியார் நாகம்மாள்தான் குழந்தையை வைத்துக்கொண்டு அல்லாடினார். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

(இங்கே என் கை தன் பாட்டுக்கு ஒரு குடிகாரக் கணவனை எழுதிவிட்டது. இரண்டு பக்கம் போனபிறகுதான் கவனித்தேன். கிழித்துப் போட்டேன். இந்த அஜித்குமார் குடிப்பதில்லை, அடிப்பதில்லை. கரைக்கு வந்ததும் கடையில் கிரீம் பன் வாங்கி வந்து மனைவியின் தலைமாட்டில் வைக்கிறவர். மறுநாள் அந்தப் பன் அங்கேயே இருக்கும். அதையே அடுத்த நாளும் செய்வார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.)

முதலில் சீட்டு ஜெசிந்தாவுக்கு விழுந்தது. போய்ப் பார்த்தாள். எது கேட்டாலும் நிவேதா சுவரைப் பார்த்தாள். அதனால் ஜெசிந்தா கேட்பதை நிறுத்திவிட்டு, நாகம்மாளோடு வாசற்படியில் உட்கார்ந்து இறால் உரிக்க ஆரம்பித்தாள். குழந்தை அழுதது. நாகம்மாள் தூக்கினார். ஜெசிந்தா தொடவில்லை. அடுத்தடுத்த முறையும் அப்படித்தான். ஒருநாள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏன்க்கா, நீ மட்டும் கொயந்தய தூக்கவே மாட்டன்ற?"

"நீ தூக்கச் சொல்லலயே."

ஜெசிந்தா இன்னும் கொஞ்சம் இறால் உரித்தாள். பிறகு, "எல்லாரும் அழகா கீது அழகா கீதுன்றாங்க. எனக்கு ஒண்ணுமே தோணலக்கா. கல்லாட்டம் கீறேன். நா கெட்டவளா?"

"இல்லம்மா. இது ஒரு நோவு. ஜொரம் வரா மாதிரி வந்துக்கீது. இதுக்கு மருந்து கீது, டாக்டர் கீறாங்க. பொன்னேரில வியாயக்கெயம வருவாங்க."

"மாமிகிட்ட சொல்லிடாத."

"நீ சொல்ற வரைக்கும் சொல்லமாட்டேன்."

கடைசியில் நிவேதா, "நீ கூட வந்தா வரேன்" என்றாள். ஜெசிந்தா, "வரேன்" என்றாள். எந்த வியாழன் என்றும் பேசிக்கொண்டார்கள். அது அடுத்த மாதத்தில் விழுந்தது. அப்போது அது இருவருக்குமே பெரிதாகப் படவில்லை.

5

மாதம் பிறந்து டம்ளரைக் குலுக்கியபோது நிவேதா வீடு சத்யாவுக்குப் போனது.

ஜெசிந்தாவுக்கு எப்படி இருந்தது? வருத்தமாக இருந்தது என்று எழுதினால் பயிற்சி வகுப்புக்கு நன்றாக இருக்கும். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வீட்டிலிருந்து திரும்பும் நாட்களில் மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டால், அந்தச் சின்னக் கைகளைப் பிரித்து விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். கல்லாட்டம் என்று நிவேதா சொன்னது தனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று பயந்தாள். சத்யாவின் பெயர் வந்ததும் அன்று சாயங்காலம் மகளுக்கு ஜெசிந்தாவே தலை பின்னிவிட்டாள்.

சரி, வியாழக்கிழமை விஷயத்தை சத்யாவிடம் சொன்னாளா? சொல்லவில்லை.

இங்கேதான் எனக்குக் கதை பிடிபட்டது. சோம்பலோ பொறாமையோ காரணமாக இருக்குமென்று முதலில் துருவிப் பார்த்தேன். இரண்டும் இல்லை. ஏரியில் முறை வைக்கும்போது கூடவே ஒரு மரியாதையும் உண்டு என்றாள் ஜெசிந்தா. உன் முறை முடிந்து கரையேறிவிட்டால், அடுத்து வலை போடப் போகிறவனிடம் போய் இங்கே போடு, அங்கே போடாதே என்று நீ வாயைத் திறக்கக் கூடாது. அவனும் கேட்க மாட்டான். கேட்டால் அவனுக்குத் தொழில் தெரியாது என்று ஆகிவிடும். சொன்னால் அவன் முறையில் நீ கை வைத்ததாக ஆகிவிடும். (எல்லாக் கரையிலும் இப்படியா என்று எனக்குத் தெரியாது. ஜெசிந்தாவின் நைனா இருந்த கரையில் அப்படி. இந்தக் கதைக்கு அந்தக் கரை போதும்.)

டம்ளரோடு சேர்ந்து இந்த மரியாதையும் ஆபீசுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. வீட்டை மாற்றிக்கொண்டார்கள், ஆனால் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை மாற்றிக்கொள்ளவில்லை. தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. மிகவும் கண்ணியமாக நடந்துகொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

6

சத்யாவை எப்படி எழுதுவது என்று தெரியாமல் தடுமாறினேன். முதல் பிரதியில் அவள் அவசரக்காரி, செல்போனைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவள். ஜெசிந்தா நல்லவளாகத் தெரியவேண்டும் என்பதற்காக நான் செய்த மட்டமான வேலை அது. உண்மையில் சத்யா முதல் நாளே நிவேதாவுக்காக வீட்டிலிருந்து முருங்கைக்கீரை ஆய்ந்து எடுத்துக்கொண்டு போனாள். இந்த மாதம் தன் முறை என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தாள். குழந்தை கையைக் காலை ஆட்டிச் சிரித்தது. எந்த நல்ல பெண்ணும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். குழந்தையை வாரி எடுத்துக் கொஞ்சிவிட்டு, "எவ்ளோ அழகா இருக்கான் பாரு! தங்கமாட்டம் புள்ளைய வச்சிக்கிட்டு உனக்கு என்னம்மா குறை?" என்றாள்.

நிவேதா எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த முறையும் திறக்கவில்லை. நாகம்மாள் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சியபோது உள்ளேயிருந்து பதில் வந்தது. "மாசத்துக்கு ஒருத்தி வருவா, நா திரும்பத் திரும்ப வவுத்துல கீறத கொட்டணுமா? நா இன்னா ஏரித் தண்ணியா, ஆளாளுக்கு மொற வெச்சி வலை போட?"

(சத்யா அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே திருப்பாலைவனம் போனாள். அவளுடைய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்தாள். முதல் பிரதியில் இது இல்லை.)

7

குறித்துவைத்த வியாழனுக்கு முந்தின சாயங்காலம் நாகம்மாள் ஜெசிந்தாவுக்குப் போன் செய்தார்.

"ஏம்மா ஜெசிந்தா, நீதான வர்றதுனு சொன்ன? நாளைக்கி டாக்டராண்ட போவணும்னு இப்பதான் வாயத் தொறந்து சொன்னா. நீ வந்தாதான் படகுல ஏறுவேன்றா. ரெண்டு நாளா கஞ்சித் தண்ணி கூட எறங்கல. எனுக்கு பயமாகீது. கொயந்தய அவகிட்ட வுட்டுட்டு நா கொளாயடிக்குக் கூட போறதில்ல, தெரிஞ்சிக்கோ."

வரேன் என்றும் சொல்லாமல் வரமாட்டேன் என்றும் சொல்லாமல் ஜெசிந்தா போனை வைத்தாள். காலையில் சத்யாவைப் படகுத்துறைக்கு வரச்சொன்னாள். இப்போது நாம் மூன்றாவது தொடக்கத்துக்கு வந்துவிட்டோம். ஜெசிந்தா நிற்கிறாள், ஏறவில்லை. படகை அஜித்குமாரே ஓட்டிவந்திருந்தார். பேச்சில் கலந்துகொள்ளாமல் படகுக்குள் தேங்கிய தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை வாக்கையும், தான் அந்த வீட்டில் குழந்தையைத் தொடாமல் இருந்ததையும் ஜெசிந்தா சொன்னாள். கேட்டுமுடித்த சத்யாவின் முகம் சிவந்துவிட்டது.

"கொழந்தையத் தூக்காதனு ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்லக்கா?"

"உன் மொறைல நா எப்டி சத்யா வாய் வெக்கிறது?"

"நீங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கேக்காம இருந்தீங்க. கேட்டா மட்டமா நெனப்பீங்கனு நானும் கேக்கல. எங்க ஊர்ல பக்கத்து நெலத்துக்குத் தண்ணிய திருப்பி விடும்போது, எந்த மட ஒடைஞ்சிருக்குனு சொல்லிட்டுதான்க்கா கரையேறுவாங்க. பேச்சுவார்த்தை இல்லாதவன் கூட சொல்லுவான்."

சத்யா படகின் பக்கம் திரும்பினாள்.

"சரி, வாக்கா, போலாம்."

"எனுக்கு அந்த வூட்டுக்குப் போறதுக்கு பயமாகீது சத்யா." இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, பிராங்க்ளினிடம் கூட. "அங்க போயிட்டு வந்தா எம் பொண்ண தொட முடியல."

அஜித்குமார் மொண்டு ஊற்றுவதை நிறுத்தினார்.

8

இனி முடிவு. பிரதாப்புக்கு நான் மூன்று அனுப்பினேன்.

(அ) ஜெசிந்தா தனியாகப் போகிறாள். நிவேதா கதவைத் திறக்கிறாள், டாக்டரிடம் வருகிறாள், தேறுகிறாள். நானே எழுதிவிட்டுக் கொஞ்சம் கண்கலங்கினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அடுத்த மாதம் ஜெசிந்தாக்கா வந்தால்தான் என்று சொல்ல இன்னொரு வீடு இருக்கும். அதற்கடுத்த மாதம் இன்னும் இரண்டு. அப்புறம் ஒருநாள் மதியம் பொன்னேரி பஸ். ஜவுளிக் கடையில் ஜெபசெல்விக்குத் துணை கிடைக்கும்.

(ஆ) ஜெசிந்தா துறையிலேயே நின்றுகொள்கிறாள். தெரிந்ததையெல்லாம் சத்யாவிடம் சொல்லி அனுப்புகிறாள். முறைப்படி பார்த்தால் இதுதான் சரி. ஆனால் மாமியாருக்குக் கூடச் சொல்லாதே என்று நிவேதா சொன்னதை, முருங்கைக்கீரை கொண்டுவந்தவள் வாயால் நிவேதா கேட்கவேண்டி வரும். அதற்குப் பிறகு அந்தக் கதவு யாருக்குமே திறக்காது.

(இ) இருவரும் போகிறார்கள்.

பிரதாப் துள்ளிக்குதித்தார். "மூணாவதுதான் சார்! இதான் படிப்பினை. கூட்டா வேலை செய்யணும். பக்கத்துல இருந்து ஒப்படைக்கணும். அப்டியே முடிச்சிடுங்க."

முடிக்கத்தான் பார்த்தேன். இருவரையும் படகில் ஏற்றினேன். வழியில் ஜெசிந்தா நிவேதாவின் ரகசியத்தைச் சொல்லவில்லை. எதைச் செய்யக்கூடாது என்பதை மட்டும் சொன்னாள். குழந்தையைப் பற்றிப் பேசாதே, அவள் சொன்னாலொழியத் தூக்காதே, சுவரைப் பார்த்தால் பார்க்கட்டும். சத்யா தலையாட்டிக்கொண்டே வந்தாள். "உனக்கு கஷ்டமா இருந்தா என் கையப் புடிச்சிக்கோக்கா" என்றாள். ஜெசிந்தா கரை வருவதற்கு முன்பே பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. இதுவரை எல்லாம் சுலபமாகத்தான் போனது.

9

கதவைத் தட்டினார்கள். "நாந்தான், ஜெசிந்தா. சத்யாவும் வந்துக்கீறா."

தாழ்ப்பாள் விலகியது. ஒரு சாண் அளவுக்குத் திறந்தது. தலை வாராமல், கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், நிவேதா. முதலில் ஜெசிந்தாவைப் பார்த்தாள். பிறகு சத்யாவை, பிறகு பிடித்தபடி இருந்த இரண்டு கைகளை. நான் அவளை அழ வைக்க நினைத்திருந்தேன். அவள் அழவில்லை. அஜித்குமாரும் நாகம்மாளும் கேட்கும்படி நிதானமாகக் கேட்டாள்.

"இன்னைக்கி ரெண்டு பேரு வந்துக்கீறீங்க. சரி. டாக்டர் ஒரே நாள்ல சரிபண்ண மாட்டாருனு எனுக்கும் தெரியும். அடுத்த மாசம் யாரு வருவா? அதுக்கப்பறம் யாரு? அத்த மொதல்ல சொல்லு. அப்பறம் நா பொடவ மாத்திக்கினு வரேன்."

இந்த வரியை நான் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. பிரதாப்புக்குப் போன் செய்து கேட்டேன். அவரிடமும் பதில் இல்லை.

ஜெசிந்தாவின் வாயில் சில பதில்களை வைத்துப் பார்த்தேன். "எப்பவும் நாந்தான் வருவேன்." பொய். அவளால் முடியாது, முடிந்தால் அது அவளைத் தின்றுவிடும். அடித்துவிட்டேன். "முறைப்படி யாராவது வருவாங்க." ஒரு சாண் கதவும் சாத்திக்கொள்ளும். அடித்துவிட்டேன். "நீ யாரச் சொல்றியோ அவங்க." கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. அவள் யாரைச் சொல்வாள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "இப்ப கெளம்பு, அத்த அப்பறம் பேசிக்கலாம்

இதையும் பாதியில் விட்டேன்.

எழுதுகிறவனுக்கு வாக்குக் கொடுப்பது சுலபம். நான் இந்தப் பக்கத்தில் எதைச் சொன்னாலும் அடுத்த மாதம் பசியாவரத்துக்குப் படகேறப் போவதில்லை. அதனால் இந்த பதிலைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். என்ன சொன்னாலும் அதை நீங்களே போய் நிறைவேற்றவேண்டும், வீட்டுக்குத் திரும்பி உங்கள் பிள்ளையையும் தூக்கவேண்டும்.

டீயைக் கீழே வையுங்கள். பொன்னேரி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நிவேதா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சாத்தவும் இல்லை, முழுதாகத் திறக்கவும் இல்லை. உங்களைத்தான் பார்க்கிறாள். சொல்லுங்கள், யார் வருவீர்கள்?